எங்க சந்துல என் பாட்டு ஓடுன நாப்பது செகண்டு

நேத்து எனக்கு இருந்த வேல ஒன்னே ஒன்னு. ஒரு பென்டிரைவக் கொண்டு போயி மைக்செட்காரர் கையில குடுக்கணும்.

வீட்டுக்கும் மைக்செட்டுக்கும் நடுவுல நாப்பது அடி இருந்தா அதிகம். இடையில ரோடு கெடையாது, சிக்னல் கெடையாது. ஒரு ஆட்டோ கூட குறுக்க வராது.

இதுல என்னய்யா தப்பு நடக்க முடியும்னு நீங்க கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்!

புதுசா என்னய ஃபாலோ பண்றவங்களுக்காக ஒரு அறிமுகம். நான் முருகேசன். வயசு நாப்பத்து நாலு. பகல்ல பம்பாய் வடாலா பக்கம் ஒரு பிரஸ்ல பிரிண்டிங் மெஷின் ஓட்டுறேன். மிச்ச நேரத்துல பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, கிடார் வாசிக்கிற ஆளு. குடியிருக்கிறது மாட்டுங்கா லேபர் கேம்ப்ல ஒரு சந்து. அகலம் நாலு அடி. அதனால எங்க பேண்டுக்குப் பேரே 'நாலடிச் சந்து'தான்.

பேண்டுல மூணு பேரு. டிரம்ஸ் காதர். பக்கத்து சந்துல ரெடிமேட் துணி தைக்கிற வொர்க்‌ஷாப் வச்சிருக்கான். பாடுறது வெங்கட். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் வீடு, இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேல. குரல் தேன் மாதிரி இருக்கும். தமிழ் எழுத்து மட்டும் சுத்தமா வராது. பத்தொன்பது வருசமா அவனுக்காக ஒவ்வொரு பாட்டையும் நான் ஹிந்தி எழுத்துல எழுதிக் குடுத்துட்டு இருக்கேன்.

இந்தப் பத்தொன்பது வருசத்துல முப்பத்தியோரு பாட்டு ரெக்கார்டு பண்ணிருக்கோம். ஸ்டுடியோ எதுன்னு கேட்டீங்கன்னா, காதரோட குடோன். இடது பக்கம் ஜீன்ஸ் துணி பேல், வலது பக்கம் லைனிங் துணி பேல், நடுவுல வெங்கட். துணி சத்தத்த உறிஞ்சிரும், எக்கோவே வராது. என்ன, ரம்ஜான் சீசன் வந்தா பேலெல்லாம் காலியாயிரும். காதருக்கு வியாபாரம் சூடு புடிச்சா எங்க பாட்டுல எக்கோ வந்துரும்.

எங்க பழைய ரெக்கார்டிங்க இப்பக் கேட்டா எனக்கே சிரிப்பு வரும். மொதப் பாட்டுல யாரு வீட்டு குக்கரோ நாலு விசில் அடிக்கும். மூணாவது பாட்டுல வெங்கட் 'கண்ணே'ன்னு இழுக்கிற எடத்துல ஒரு ரயில் போகும். அப்பெல்லாம் எல்லாரும் அமைதியாகட்டும்னு மணிக்கணக்கா உக்காந்திருப்போம். ஃபேன் போட முடியாது. வெங்கட் பனியனோட நின்னு பாடுவான். அமைதி வந்ததே கெடையாது.

ஒரு நாள் எனக்கு ஞானம் பொறந்துச்சு. "சத்தத்த ஏன் தொரத்தணும்? உள்ள இழுத்துப் போட்டுருவோம்! நம்ம ஏரியா சத்தம்தான் நம்ம மியூசிக்!"

"சூப்பர் மாப்ள"ன்னான் காதர்.

"ரொம்ப ஆர்ட்டிஸ்டிக்கா இருக்குடா"ன்னான் வெங்கட்.

இந்த ரெண்டு பேர்ல ஒருத்தனாவது அன்னைக்கு என் மண்டையில ஒன்னு போட்டிருந்தா இந்தப் போஸ்ட்டுக்கே அவசியம் இருந்திருக்காது.

அந்த ஞானத்துல பொறந்ததுதான் தண்ணி பாட்டு. ஆறு வருசத்துக்கு முந்தி எழுதுனது. கேக்கிறதுக்குக் காதல் பாட்டு மாதிரி இருக்கும், ஆனா பாடுறது தண்ணிக்கு.

'நீ வர்ற நேரம் எனக்குத் தெரியாது,
நீ வராத நேரம் எனக்கு வேற வேல கெடையாது.'

எங்க சந்துல தண்ணி சாயங்காலம் வரும். எத்தன மணிக்குன்னு கேக்கக் கூடாது. சந்து முனையில, மெயின் பைப் உள்ள நுழையிற எடத்துல, புஷ்பம் அக்கா வீடு. பைப்புல காத்து 'புஸ்ஸ்'ஸுன்னு வந்ததுமே அவங்களுக்குத் தெரிஞ்சிரும். ஒடனே வாசல்ல நின்னு ஒரு கொரல் குடுப்பாங்க பாருங்க!

"ஏட்டீஈஈ... தண்ணி வந்துட்டூஊஊ! பானி ஆகயாஆஆ!"

தமிழுக்கு ஒன்னு, ஹிந்திக்காரங்களுக்கு ஒன்னு. முப்பது வருசமா இதான் எங்க சந்தோட சைரன். அந்தக் கொரல் கேட்டா குளிச்சுட்டு இருக்கிறவன் கூட சோப்போட வெளிய வந்துருவான்.

நம்ம ஞானம் சும்மா விடுமா? ஒரு நாள் அக்காவுக்குத் தெரியாம அவங்க ஜன்னல்ல போன வச்சு அத அப்படியே ரெக்கார்டு பண்ணேன். பைப்பு 'புஸ்ஸ்'ஸுங்கிறது, அக்கா கத்துறது, எல்லாம் சுத்தமா விழுந்துச்சு. பாட்டோட ஆரம்பத்துல வச்சேன். அதுக்குப் பொறவுதான் கிடார் வரும்.

இது ஏன் சந்துல யாருக்கும் தெரியாதுன்னா, அந்தப் பாட்ட யாருமே கேட்டதில்ல!

தண்ணி பாட்டுன்னு இல்ல, எங்க எந்தப் பாட்டையுமே எங்க மூணு பேரத் தவிர ஒருத்தரும் முழுசாக் கேட்டது கெடையாது. என் பொண்டாட்டி தங்கம் மொத சரணம் வரைக்கும் வருவா. "நல்லாருக்கு, பருப்பு கரியுது"ன்னு போயிருவா. காதரோட டைலருங்க ஒரு நிமிசம் கேட்டுட்டு, "மாஸ்டர், நல்ல பாட்டுப் போடுங்க"ம்பாங்க. முதலாளி வாசிச்ச பாட்டு! வெங்கட்டோட அம்மா பாதியிலயே "பிரமாதம்டா"ன்னு கை தட்டிருவாங்க. அதுக்கு மேல பாட முடியாது.

ஒத்துக்கிறேன், எனக்கு இது வலிச்சுச்சு. ஃபேமஸ் ஆகணும்னுலாம் ஆச இல்ல. நான் பொறந்த சந்துல, என்னயத் தெரிஞ்சவங்க, ஒரே ஒரு பாட்ட ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் கேக்கணும். முப்பத்தியோரு பாட்டுல ஒன்னு. பேராசையா இது?

வருசா வருசம் எங்க அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு சந்து பூரா கூம்பு ஸ்பீக்கர் கட்டுவாங்க. கமிட்டித் தலைவர் பொன்னுசாமி அண்ணாச்சி. பலசரக்குக் கடை வச்சிருக்கார். பதினோரு வருசமா அவர்கிட்ட போயி நிப்பேன்.

"அண்ணாச்சி, நம்ம பாட்டு ஒன்னு..."

"அடுத்த வருசம் பாப்போம்ல."

இந்த வருசம் என்ன தோணுச்சோ, தராசுல இருந்து கண்ண எடுக்காம சொன்னார். "சரில. நாலரைக்கு, சாப்பாட்டுக்கு முந்தி. ஒரே பாட்டு. சாமி கோவப்படாத பாட்டாப் பாத்துப் போடு."

எனக்குக் கால் தரையில நிக்கல!

நேத்து காலையில காதர் குடோனுக்கு ஓடுனேன். அங்க ஒரு பழைய கம்ப்யூட்டர்லதான் எல்லாப் பாட்டும் இருக்கு. எதப் போடன்னு ரெண்டு பேருக்கும் அடிதடி. நான் ஒரு சோகப் பாட்டு சொன்னேன்.

காதர் மொறச்சான். "கொடைக்கு வந்தவன அழ வச்சா சோறு எறங்குமால? தண்ணி பாட்டப் போடு மாப்ள. ரெண்டு நாளா பானி பந்த். சந்தே தண்ணியப் பத்தித்தான் பேசுது. இன்னைக்குப் போட்டா ஹிட்டு!"

வாஸ்தவம்தான். மெயின் பைப்புல ஏதோ வேல நடந்து ரெண்டு நாளா சொட்டுத் தண்ணி வரல. எல்லா வீட்டுலயும் நீல டிரம்மு காலி. ஜனங்க குடத்த வாசல்லயே வச்சுக்கிட்டு, சோறு திங்கும்போது கூட காத தீட்டிக்கிட்டுத்தான் திங்குறாங்க.

இப்ப நீங்க கேப்பீங்க, இவ்வளவு தெரிஞ்சும் பாட்டு ஆரம்பத்துல என்ன இருக்குன்னு ஒனக்கு ஞாபகம் வரலியான்னு.

சத்தியமா வரல! ஆறு வருசமா ஆயிரம் தடவ கேட்டாச்சு. எனக்கு அது புஷ்பம் அக்காவே கெடையாது. கிடார் வாசிக்கத் தயாராகுறதுக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான். பாட்டுக் கட்டுறவன் காது அப்படித்தான் கெட்டுப் போகும்.

காதர் அதோட நிக்கல. "கூம்பு ஸ்பீக்கர்ல ஆரம்பம் அமுங்கிரும் மாப்ள. அக்கா கொரல கொஞ்சம் தூக்கி வை. எடுத்ததுமே ஆள இழுக்கணும்."

தூக்கி வச்சேன். ஆள இழுத்துச்சு.

நாலு மணிக்கு பென்டிரைவோட, சந்துக்குப் பின்னாடி கோயில் திடல்ல போட்டிருந்த மேடைக்குப் போனேன். மைக்செட்காரர் தாஸ், செம்பூர்ல இருந்து வந்தவர். எங்க சந்தப் பத்தி எதுவும் தெரியாது. நல்ல மனுசன்.

"நீங்களே பாடுனதா சார்? அப்ப ஃபுல் சவுண்டு வச்சுருவோம்!"

"வைங்க"ன்னேன். என் வாயாலதான் சொன்னேன்.

வெங்கட்டுக்குப் போன் போட்டேன். "கெளம்பிட்டியா?"

"வந்துண்டே இருக்கேன்டா. அம்மா சட்டைய இஸ்திரி போட்டுண்டு இருக்கா. நான் வராம ஆரம்பிச்சுடாதே!"

நாலரைக்கு மேடை முன்னாடி நூத்தம்பது பேராவது இருப்பாங்க. எல்லாரும் சேர்ல உக்காந்து, பின்னாடி வேகுற சாப்பாட்டு வாசனைய மோந்துக்கிட்டு இருந்தாங்க. நான் காலையில தலைக்கு டை அடிச்சுட்டு, புதுச் சட்டை போட்டுட்டு, மேடை ஓரத்துல கையக் கட்டி நின்னேன். வெங்கட்டக் காணோம். அண்ணாச்சி அதுக்கெல்லாம் காத்திருக்கிற ஆளு கெடையாது.

மைக்கப் புடிச்சார். "நமது சந்தின் வளரும் இளைஞர் முருகேசன் இயற்றிய பாடல். அனைவரும் அமைதியாகக் கேட்கவும்."

நாப்பத்து நாலு வயசுல வளரும் இளைஞர்! தங்கம் மூணாவது வரிசையில முந்தானைய வச்சு வாயப் பொத்திச் சிரிச்சா.

தாஸ் பட்டன அமுக்குனார்.

அமைதி. எங்க சந்துல அப்படி ஒரு அமைதிய நான் பொறந்ததுல இருந்து கேட்டதில்ல.

எட்டு கூம்பு ஸ்பீக்கர்லயும் ஒரே நேரத்துல 'புஸ்ஸ்ஸ்'.

அப்புறம், "ஏட்டீஈஈ... தண்ணி வந்துட்டூஊஊ! பானி ஆகயாஆஆ!"

நூத்தம்பது பேரும் ஒரே ஆளாட்டம் எந்திரிச்சாங்க!

கேளுங்க, என் மடத்தனத்தோட உச்சம் இதுதான். பாட்டு புடிச்சுப் போயி எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டப் போறாங்கன்னு நெனச்சுட்டேன். கண்ணுல தண்ணி வந்துட்டு. ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். அப்படியே தலையக் குனிஞ்சேன்.

நிமிந்து பாக்கும்போது ஒரு ஆளு கெடையாது.

சேரெல்லாம் மல்லாந்து கெடந்துச்சு. சந்துக்குள்ள ஒரே ஓட்டம்! குடம், வாளி, டப்பா, நீல டிரம்மு, பச்ச பைப்பு. பூசாரி கூட தட்ட வச்சுட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஓடுறார். காதரோட டைலருங்க ஆளுக்கு ரெண்டு கேனோட பக்கத்து சந்துல இருந்து தண்ணி எங்கன்னு கேட்டுட்டே ஓடி வர்றாங்க. "பானி கிதர்? கிதர்?"

தங்கம் கையில பைப்போட என்னயத் தாண்டிப் போனா. "மரம் மாதிரி நிக்காதீங்க! டிரம்மப் புடிங்க!"

"தங்கம், அது பாட்டு..."

"பாட்டெல்லாம் பொறவு கேப்போம்! தண்ணி வந்துட்டு!"

இவ்வளவுக்கும் நடுவுல கிடார் ஆரம்பிச்சு, வெங்கட் கொரல் காலிச் சேருங்களப் பாத்து உருகுது. 'நீ வர்ற நேரம் எனக்குத் தெரியாது...'

அதுக்குள்ள சந்துல அத்தன மோட்டாரையும் ஒரே நேரத்துல போட்டுட்டாங்க. டப்புன்னு ஒரு சத்தம். கரண்ட் போச்சு. பாட்டும் நின்னுச்சு. மொத்தம் நாப்பது செகண்டு.

இதுக்கு மேல ஒன்னு. ரெண்டு இடுப்புலயும் ரெண்டு குடத்தோட சாமி பந்தல்ல இருந்து ஓடி வந்தது யாருன்னு நெனைக்கீங்க? புஷ்பம் அக்கா!

"யாருட்டி கத்துனது? நான் இங்கல்லா இருக்கேன்! எவளோ என் எடத்துல நின்னு கத்துதாளே!"

அவங்க கொரலக் கேட்டு அவங்களே ஓடுறாங்க! ஓடிட்டே திட்டுறாங்க. "கொரலப் பாரு, தகர டப்பாவ உருட்டுன மாதிரி!"

நான் தங்கத்தோட டிரம்மப் புடிக்கப் போயிட்டேன்.

ரெண்டு நிமிசத்துல சந்து முழுக்கத் தெரிஞ்சு போச்சு, எந்தப் பைப்புலயும் தண்ணி இல்லன்னு. அங்கதான் விசயம் விபரீதமாச்சு. தண்ணி வரலன்னு யாருமே நெனைக்கல. வந்த தண்ணிய எவனோ இழுத்துட்டான்னு நெனச்சுட்டாங்க!

அண்ணாச்சி வேட்டிய வரிஞ்சு கட்டுனார். "மேல் சந்துக்காரன் பெரிய மோட்டாரு போட்டு உறிஞ்சிட்டான்ல! வாங்கல, இன்னைக்கு ரெண்டுல ஒன்னு பாத்துருவோம்!"

இருவது பேரு கெளம்பிட்டாங்க. அதுல என் மச்சினன் கையில ஒரு துடுப்பு. சாம்பார் கிண்டுறது. இன்னும் சாம்பார் சொட்டிட்டு இருக்கு.

மேல் சந்துல என் பெரியம்மா பையன் குடியிருக்கான். என் பாட்டால எங்க குடும்பமே ரெண்டா பிரிஞ்சு மண்டைய ஒடச்சுக்கப் போகுதுன்னு பயந்து, மேடைக்கு ஓடுனேன். மைக்ல உண்மையச் சொல்லிருவோம், அவ்வளவுதானே!

நான் மேடைக்குப் பத்தடி தள்ளி வரும்போது கரண்ட் வந்துச்சு.

தாஸ் நல்ல மனுசன்னு சொன்னேன்ல? என்னயப் பாத்துக் கையக் காட்டுனார். "கவலப்படாதீங்க சார்! மொதல்ல இருந்து போடுறேன்!"

"வேண்டாம்! வேண்டாம்!"

"இதுல என்ன சார் கூச்சம்!"

'புஸ்ஸ்ஸ்.' "ஏட்டீஈஈ... தண்ணி வந்துட்டூஊஊ!"

சண்டைக்குப் போன இருவது பேரும் அப்படியே திரும்பி ஓடி வந்தாங்க. "இப்ப நெசமாவே வந்துட்டுல!" மச்சினன் துடுப்பத் தூக்கிப் போட்டுட்டு டிரம்மத் தூக்குனான். ஒரு நல்லது, சண்ட நின்னுச்சு.

பாய்ஞ்சு போயி பென்டிரைவப் புடுங்குனேன். மைக்கப் புடிச்சேன்.

"எல்லாரும் மன்னிக்கணும். தண்ணி வரல. அது என் பாட்டு."

எட்டு ஸ்பீக்கர்லயும் என் கொரல் ஒழுங்காக் கேட்டுச்சு. பத்தொன்பது வருசமா எதிர்பாத்த மாதிரியே எல்லாரும் அமைதியாக் கேட்டாங்க. அந்த அமைதி எனக்கு வேண்டியிருக்கல.

சாமி பந்தலுக்கு முன்னாடியே விசாரண. நடுவுல நான். சுத்திக் காலிக் குடத்தோட ஜனம்.

காதர் எங்கன்னு தேடுனேன். கூட்டத்துக்குக் கடைசியில நின்னுக்கிட்டு, "ச்சே, இப்படியுமா ஒருத்தன் பண்ணுவான்?"னு பக்கத்துல நிக்கிறவர்கிட்ட சொல்லிட்டு இருந்தான். டிரம்ஸ் வாசிக்கிறவன எப்பவும் நம்பக் கூடாது.

புஷ்பம் அக்கா கேட்டாங்க. "என் கொரல என்னயக் கேக்காமலா எடுத்த?"

"தப்புதான்க்கா."

"எப்பல எடுத்த?"

"ஆறு வருசமாச்சு."

"ஆறு வருசமா என் கொரல பெட்டிக்குள்ள வச்சிருக்கியா?" அப்புறம் கொரல எறக்குனாங்க. "என் கொரலு அப்படியால இருக்கு? தகர டப்பா மாதிரி?"

"இல்லக்கா, நல்லாருக்கும்."

"பொய் சொல்லாத. நான்தான் கேட்டேனே!"

கோவமா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டாங்க. இங்க அண்ணாச்சி தீர்ப்பு சொல்லத் தொண்டையச் செருமுனார். அப்பதான் சந்து முனையில இருந்து ஒரு கொரல்.

"ஏட்டீஈஈ... தண்ணி வந்துட்டூஊஊ! பானி ஆகயாஆஆ!"

ஒருத்தரும் அசையல. எல்லாரும் என்னயப் பாத்தாங்க.

"இன்னும் என்னல வெளையாட்டு? அத நிறுத்து!"ன்னார் அண்ணாச்சி.

"நான் இல்ல அண்ணாச்சி! பென்டிரைவ் என் கையில இருக்கு, பாருங்க!"

"போன்ல போடுதான்!"னு மச்சினன் என் பாக்கெட்டத் தடவுனான்.

"ஏட்டீ! நெசமாத்தாண்டி! வாங்கட்டீஈ!"

பின்னாடி யாரோ, "இப்பத்தான் பாட்டுல ரெண்டாவது வரி வந்திருக்கு"ன்னு சொன்னாங்க. எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. என் வாழ்க்கையில நான் சொல்லாத ஜோக்குக்கு என்னய வச்சு அவ்வளவு பேரு சிரிச்சது அதான் மொத தடவ.

மெயின் பைப் வேல முடிஞ்ச மொத நாளுங்கிறதால தண்ணி இருவது நிமிசம்தான் வந்துச்சு. புஷ்பம் அக்கா சேலை நனைஞ்சு சொட்டச் சொட்ட நடந்து வந்து எங்க முன்னாடி நின்ன பொறவுதான் எல்லாருக்கும் ஒறச்சுச்சு. மறுபடி ஓட்டம். பைப்பத் தொறந்தா கடைசிக் காத்து 'புஸ்ஸ்'. சந்துல ஒரே ஒரு வீட்டு டிரம்முதான் நெறஞ்சிருந்துச்சு. யாரு வீடுன்னு சொல்லத் தேவையில்ல.

அதுக்குப் பொறவு எனக்குக் கெடச்ச வார்த்தைங்கள இங்க எழுத முடியாது. நாலு ஊரு தமிழ், பம்பாய் ஹிந்தி, கொஞ்சம் மராத்தி. தங்கம் மட்டும் நெறையாத டிரம்ம என் காலடியில உருட்டி விட்டுட்டுப் போனா. அதான் ரொம்பப் பயமா இருந்துச்சு.

அண்ணாச்சி தீர்ப்பு சொன்னார். "டேங்கருக்குப் போன் போட்டாச்சு. சந்துக்குள்ள வண்டி வராது, முக்குல நிக்கும். பைப்பப் புடிச்சு ஒவ்வொரு வீட்டுக் குடத்தையும் நெரப்புறது முருகேசன். கடைசிக் குடம் நெறையுற வரைக்கும் அவனுக்குச் சோறு கெடையாது."

ஆறு மணிக்கு டேங்கர் வந்துச்சு. பைப்பு தொடை மொத்தம். புதுச் சட்டை நனைஞ்சு, தலையில அடிச்ச டை கருப்பா வழியுது. எனக்கு முன்னாடி வரிசை, சந்து முனையத் தாண்டி வளைஞ்சு போகுது. குடம் குடமா நெரப்புறேன். ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு திட்டு இனாம்.

அப்ப பாத்து வெங்கட் வந்தான். இஸ்திரி போட்ட பட்டுச் சட்டை, நெத்தியில விபூதி. வரிசையப் பாத்தான், என்னயப் பாத்தான்.

"என்னடா பண்ணிண்டு இருக்கே? நம்ம பாட்டு எப்போ?"

வரிசையே சிரிச்சுச்சு.

வரிசை ஓரமா புஷ்பம் அக்கா வந்து நின்னாங்க. அவங்க டிரம்முதான் ரொம்பியாச்சே, அவங்க ஏன் வந்தாங்கன்னு எனக்குப் புரியல. இடுப்புல கைய வச்சுக்கிட்டு என்னயவே பாத்தாங்க.

"ஏல முருகேசா. அப்படி என்னதான்ல இருக்கு அந்தப் பாட்டுல? நான் கத்துனதுக்குப் பொறவு என்ன வருது?"

"அக்கா, அத விடுங்க..."

"என் கொரல எடுத்திருக்கல்லா? மிச்சத்த நான் கேக்காண்டாமா? பாடுல!"

வெங்கட் என்னயப் பாத்தான். நான் தலைய ஆட்டுனேன். அவன் பட்டுச் சட்டைக் கையச் சுருட்டி விட்டுட்டு ஆரம்பிச்சான். மைக் இல்ல, ஸ்பீக்கர் இல்ல, ஹிந்தி எழுத்துல எழுதுன பேப்பர் கூட இல்ல. காதர் எங்க இருந்தோ வந்து, வரிசையில நின்ன ஒரு காலி டிரம்மக் கவுத்துப் போட்டுத் தட்டுனான். துரோகி, ஆனா தாளம் தப்பாது. நான் பைப்பப் புடிச்சுக்கிட்டே கூடப் பாடுனேன்.

மொத சரணம் முடிஞ்சுச்சு. யாரும் போகல. ரெண்டாவது முடிஞ்சுச்சு. தங்கம் குடத்துமேல உக்காந்து கன்னத்துல கைய வச்சுக் கேட்டுட்டு இருந்தா. பருப்பு கரியுதுன்னு சொல்லல. அண்ணாச்சி தலைய ஆட்டுறார். மூணாவது சரணத்துல எனக்குக் குடம் ரொம்பி வழியுறது கூடத் தெரியல. நாலாவது சரணமும் முடிஞ்சு கடைசி வரி வரைக்கும், சந்து மொத்தமும், அசையாம, முழுசாக் கேட்டுச்சு.

பத்தொன்பது வருசத்துல மொத தடவ!

ராத்திரி தங்கத்துகிட்ட சொன்னேன். "பாத்தியா? ஒருத்தர் கூட எந்திரிச்சுப் போகல!"

அவ தலையத் தொவட்டிக்கிட்டே சொன்னா. "போனா வரிசையில எடம் போயிரும்லா."